பருந்து விட்டில்களைப் பிரித்தறிவது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கான முழு வழிகாட்டி

நந்தியாவட்டைச் செடியின் அடியில் மிளகைவிடப் பெரிய பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தால், ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் ஓடினால் அது பருந்து விட்டில் புழுவின் எச்சம். நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு காம்பைக் கவ்வித் தொங்கும். வால் பக்கம் ஒரு கொம்பு இருக்கும். அந்தக் கொம்பு கொட்டாது, அதில் விஷமும் இல்லை. ஆனால் அரளியிலிருந்து எடுத்த புழுவைத் தொட்டால் கையை நன்றாகக் கழுவ வேண்டும். அரளிப் பால் நச்சு.

பருந்து அந்துப்பூச்சி என்றும் அழைக்கப்படும் இந்தப் பூச்சிகள் ஸ்பிங்கிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுத் தோட்டம், எள் வயல், கடற்கரை அடம்புக்கொடி, கோயில் காடு என்று எங்கும் இவை உண்டு. கண்டுபிடிப்பது சுலபம், இனத்தைச் சரியாகச் சொல்வதுதான் கடினம். பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் ஒன்றே: இறகின் நிறத்தை இணையத்தில் கிடைக்கும் படத்தோடு ஒப்பிட்டு உடனே பெயர் வைத்துவிடுவது. பருந்து விட்டிலின் பச்சை, செத்த சில நாளில் மஞ்சளாகும். பறந்து பறந்து செதில் உதிர்ந்த பூச்சி பழுப்பாகத் தெரியும். எல்.இ.டி. வெளிச்சத்தில் சாம்பல் நிறம் நீலமாகும். ஆகவே நிறத்தைக் கடைசியில் பாருங்கள். புழு என்றால் முதலில் செடி, பூச்சி என்றால் முதலில் வயிற்றின் முதுகுப்புறம்.

முதலில், இது பருந்து விட்டில்தானா?

உடல் நூல் கதிர் போல நடுவில் தடித்து வால் பக்கம் கூம்பும். முன்னிறகு நீண்டு ஒடுங்கியது, பின்னிறகு அதில் பாதிதான். உட்காரும்போது இறகுகள் பின்னோக்கிச் சாய்ந்து முக்கோணமாக நிற்கும். உணர்கொம்பு தடித்து, நுனியில் சிறு கொக்கியாக வளையும். பட்டுப்பூச்சி வகைகளில் காணும் அகன்ற இறகுச் சீப்பு போன்ற உணர்கொம்பு இருந்தால் அது வேறு குடும்பம்.

பகலில் இட்லிப்பூச் செடியைச் சுற்றி ரீங்கரிக்கும் கண்ணாடி இறகுப் பூச்சியை வண்டு என்றே பலரும் கடந்து போகிறார்கள். அது செஃபொனோடெஸ் ஹைலாஸ் என்ற பருந்து விட்டில். பச்சை முதுகு, வயிற்றில் செம்பட்டை, வால் நுனியில் விசிறி போன்ற கறுப்பு மயிர்க்கற்றை. தச்சன் வண்டு பூவில் கால் ஊன்றும், இது அந்தரத்தில் நின்று நீண்ட குழலை நீட்டித் தேன் உறிஞ்சும். கூட்டிலிருந்து வந்த புதிதில் இதன் இறகிலும் சாம்பல் செதில் இருக்கும், முதல் பறத்தலிலேயே அது உதிர்ந்துவிடும். வளர்த்து வெளிவரும் பூச்சியைப் பார்த்து “இறகு கண்ணாடியாக இல்லையே, வேறு இனமோ” என்று குழம்ப வேண்டாம்.

எந்தச் செடியில் எந்தப் புழு

புழுவைக் கண்டதும் செடியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி என்றால் டாப்னிஸ் நீரியை. எள், கத்தரி, ஊமத்தை என்றால் அக்கிரோன்சியா. சர்க்கரைவள்ளி, அடம்பு மற்றும் அதன் உறவுக் கொடிகள் என்றால் அக்ரியஸ் கன்வால்வுலி. தேவனாம்பட்டினம் மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பைக் கடித்த தடம் பார்த்துத் தேடலாம். பிரண்டை, சேம்பு, காசித்தும்பை ஆகியவற்றில் ஹிப்போஷன், தெரெட்ரா என்ற இரண்டு பேரினங்களும் கலந்து வரும். மூக்கிரட்டையில் ஹிப்போஷன். நுணாவில் மேக்ரோகிளாசம். களாவில் நெஃபெலி. மரமல்லியிலும் மல்லிகையிலும் சிலோகிராமா. நெல்லிக்குப்பம் பக்கக் கரும்பிலும் புல்லிலும் லியூகோஃபிளீபியா. இதன் பூச்சி இளஞ்சிவப்பு முன்னிறகில் வெண்மஞ்சள் பட்டையோடு இருக்கும், வேறு எதோடும் குழம்பாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு துளிர் விடும் செடிகளைத் தேடுவது பலன் தரும். இளந்துளிரின் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய, வழவழப்பான வெளிர்பச்சை முட்டைகள் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் இலைக்குள் மறைந்த பச்சைப் புழு இலையிலிருந்து வேறுபட்டு வெளுப்பாகத் தெரியும்.

புழுவைப் படிப்பது

இரண்டு இடங்களைப் பாருங்கள்: கண்பொட்டு (கண் போன்ற வட்டக் குறி) எந்தக் கண்டத்தில் (உடலின் வளையப் பகுதியில்) இருக்கிறது, வால்கொம்பு எப்படி இருக்கிறது.

தலைக்குப் பின்னால் மூன்று இணை மெய்க்கால்கள் இருக்கும். மூன்றாவது இணை இருக்கும் கண்டத்திலேயே வெண்ணீலக் கண்பொட்டு இருந்தால் டாப்னிஸ். மெய்க்கால்களைத் தாண்டி அடுத்த கண்டத்தில், அதாவது வயிற்றின் முதல் கண்டத்தில் பெரிய கண்பொட்டு இருந்தால் ஹிப்போஷன் அல்லது தெரெட்ரா. ஹிப்போஷன் செலேரியோவில் அதற்கடுத்த கண்டத்தில் சிறியதாக இன்னொன்றும் உண்டு. கரும் புழுவின் பக்கவாட்டில் 7 கண்டங்களில் வரிசையாகப் பொட்டுகள் ஓடினால் தெரெட்ரா ஓல்டன்லாண்டியே. காசித்தும்பைத் தொட்டியை ஒரே இரவில் மொட்டையாக்குவது பெரும்பாலும் இதுதான்.

கண்பொட்டே இல்லாமல் பக்கத்தில் சாய்கோடுகள் இருந்தால் கொம்பைப் பாருங்கள். சொரசொரவென்று பருக்கள் நிறைந்து, கீழே வளைந்து நுனி மேல்நோக்கித் திரும்பினால் அக்கிரோன்சியா. வழவழப்பாக, அரிவாள் போல ஒரே வளைவு என்றால் அக்ரியஸ். சொரசொரப்பாக, ஏறக்குறைய நேராக நின்றால் சிலோகிராமா.

இங்கே நிறத்தை நம்பவே கூடாது. அக்கிரோன்சியா புழு பச்சை, மஞ்சள், பழுப்பு என மூன்று உருவில் வரும். அக்ரியஸ் புழுவும் பச்சையாகவும் பழுப்பாகவும் இருக்கும். டாப்னிஸ் புழு வாழ்நாளெல்லாம் பச்சையாக இருந்துவிட்டு, கூடாகும் முன் செம்பழுப்பாக மாறித் தரையில் ஓடும். நேற்று பச்சைப் புழு இருந்த செடியின் அடியில் இன்று பழுப்புப் புழு ஊர்ந்தால், அது பெரும்பாலும் அதே புழுதான். நோய் என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம்.

விளக்குத் திரை கட்டுதல்

தேவையானவை: எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்று, கயிறு, இரண்டு கம்பு, 160 வாட் பாதரச விளக்கு அல்லது புற ஊதா எல்.இ.டி. விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல், கேமரா. வேட்டியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இழுத்துக் கட்டி, அடிப்பகுதியைத் தரையில் ஒரு முழம் விரித்துவிடுங்கள். தொங்கலாக இருந்தால் காற்றில் அடித்து, உட்கார்ந்த பூச்சி கிளம்பிவிடும். விளக்கு திரையின் மேல்விளிம்புக்கு அரையடி கீழே, துணியைத் தொடாமல் இருக்க வேண்டும். மழைத்துளி பட்டால் சூடான பாதரச விளக்கு வெடிக்கும், எனவே மேலே ஒரு தகரமோ தட்டோ கட்டாயம். விளக்கை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவு நல்லது. முழுநிலவில் திரை வெறிச்சோடிக் கிடக்கும். 7 மணிக்குத் தொடங்கினாலும் பருந்து விட்டில் பலவும் நடுநிசிக்குப் பிறகுதான் வரும், 10 மணிக்கே மூட்டை கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கடற்கரையில் திரை கட்டாதீர்கள். தை முதல் சித்திரை வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வெள்ளை வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி வேண்டும். விடியும் முன் விளக்கை அணைத்து, திரையிலுள்ள பூச்சிகளைப் புதருக்குள் நகர்த்திவிடுங்கள். இல்லையென்றால் கரிச்சானும் காக்கையும் வந்து காலைச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிடும்.

ஒவ்வொரு பூச்சிக்கும் நான்கு படம் தேவை: மேலிருந்து, பக்கவாட்டில், பின்னிறகு தெரியும்படி, அடிப்பக்கம். மேலிருந்து எடுக்கும் படத்தில் அளவுகோலும் இருக்கட்டும். பின்னிறகைக் காட்ட வைக்க, புல் தண்டால் முன்னிறகின் ஓரத்தை மெல்லத் தொட்டால் போதும். பருந்து விட்டில் உடனே பறக்காது. மார்புத் தசை சூடாகும்வரை இறகை நடுக்கும், அந்த அரை நிமிடத்தில் பின்னிறகு தெரியும். அடிப்பக்கத்துக்கு, கண்ணாடி டம்ளரில் மூடிக் கீழே அட்டையைச் செருகித் தூக்கி, டம்ளரின் சுவரில் உட்கார்ந்த பிறகு வெளிப்பக்கமிருந்து எடுக்கலாம். இறகைப் பிடித்துத் தூக்கினால் செதில் உதிரும், பிறகு அடையாளமே போய்விடும்.

மண்டையோட்டு விட்டில்: ஸ்டிக்ஸா, லாகெசிஸா?

முதுகில் மண்டையோடு போன்ற குறி இருந்தால் அக்கிரோன்சியா. மண்டையோட்டைப் பார்த்து இனம் சொல்ல முயல வேண்டாம், அது ஒவ்வொரு பூச்சிக்கும் மாறும். பின்னிறகைத் திறக்க வையுங்கள். மஞ்சள் மேலோங்கி, அதில் இரண்டு கரும்பட்டைகள் ஓடினால் அக்கிரோன்சியா ஸ்டிக்ஸ். பின்னிறகின் அடியில், உடலை ஒட்டிய இடமே கறுப்பாக இருந்து, மஞ்சள் ஒதுங்கிப் போயிருந்தால் அக்கிரோன்சியா லாகெசிஸ். லாகெசிஸ் பொதுவாகப் பெரியது. அதன் வயிற்றின் நடுவே ஓடும் நீலச்சாம்பல் பட்டையும் அகலம், அதனால் பக்கத்து மஞ்சள் குறுகித் தெரியும். இன்னொரு சோதனை அடிப்பக்கம்: ஸ்டிக்ஸின் வயிற்றின் அடியில் பொதுவாகக் குறுக்குக் கரும்பட்டை இருக்காது.

இணையத்தில் அதிகம் காணும் மண்டையோட்டு விட்டில் படங்கள் ஐரோப்பா, ஆப்பிரிக்காவின் அட்ரோபாஸ் இனத்துடையவை. அது இங்கே இல்லை. அட்ரோபாஸுக்கு முன்னிறகின் அடிப்பக்கத்தில் நடுப்பட்டை ஒன்று, ஸ்டிக்ஸுக்கு இரண்டு.

விருத்தாசலம் பக்கம் எள் போடுபவர்களுக்கு ஸ்டிக்ஸ் புழு பழக்கமானது. ஒரு செடியில் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் கையால் பொறுக்கினாலே போதும். அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் மண்ணிலுள்ள கூட்டுப்புழு மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும். இந்தப் பூச்சிக்குக் குழல் குட்டையாகவும் தடித்தும் இருக்கும், அதைக் கொண்டு தேனடையைக் குத்தி உறிஞ்சும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கினால் இது உள்ளே போகாது. பிடித்தால் கீச்சென்று கத்தும், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

சாம்பல் நிறப் பெரியவை

அக்ரியஸ் கன்வால்வுலியும் சிலோகிராமாவும் மரப்பட்டை நிறத்தில் அருகருகே திரையில் உட்கார்ந்தால் முதல் பார்வையில் ஒன்று போலவே தெரியும். இறகை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பும் கறுப்பும் மாறி மாறிப் பட்டையிட்டிருந்தால் அக்ரியஸ். இளஞ்சிவப்பே இல்லாமல் சாம்பலாக இருந்து, மார்பின் இரு ஓரத்திலும் கரிக்கோடு இழுத்தது போலிருந்தால் சிலோகிராமா. அதற்கு மேல் சிலோகிராமாவில் இனம் சொல்ல இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படத்தை வைத்து “சிலோகிராமா” என்பதோடு நிறுத்துவதே நேர்மை.

கூட்டுப்புழுவாகக் கிடைத்தால் இன்னும் சுலபம். அக்ரியஸின் உறிஞ்சுகுழல் 10 செ.மீ. வரை நீளும் என்பதால் அதன் உறை உடலை விட்டு விலகி, கூஜாவின் கைப்பிடி போல வளைந்து நிற்கும். தோட்டம் கொத்தும்போது அப்படி ஒன்று வந்தால் அக்ரியஸ் என்று சந்தேகிக்கலாம், ஆனால் சிலோகிராமாவின் கூட்டுப்புழுவிலும் குழலுறை விலகி நிற்கும்.

பச்சைச் சலவைக்கல்

டாப்னிஸ் நீரியையின் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த கோலம் யார் கண்ணையும் நிறுத்தும். அதன் நெருங்கிய உறவு டாப்னிஸ் ஹைப்போதஸ். ஹைப்போதஸ் பொதுவாக இருண்டிருக்கும், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்னிறகின் கூர்நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மிகச் சிறிய வெள்ளைப் புள்ளி இருந்தால் ஹைப்போதஸ், இல்லையென்றால் நீரியை. நுனி கிழிந்த பழைய பூச்சியில் இந்தச் சோதனை செல்லாது. அடுத்த இறகின் நுனியாவது முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செதில் உதிர்ந்த டாப்னிஸோடு குழம்பக் கூடியது நெஃபெலி ஹெஸ்பெரா. இதில் வேறொரு சிக்கலும் உண்டு. சில பூச்சிகளின் முன்னிறகில் பளிச்சென்று வெள்ளிப் பொட்டு இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. இரண்டு இனம் என்று எழுதிவிடத் தோன்றும். இரண்டும் ஒரே இனம்தான். களாப்புதர் மண்டிய இந்தக் கரையோரக் கோயில் காடுகளில் இரண்டு உருவும் வரும்.

வெள்ளிக் கோடுகள்

திரையில் அதிகம் வருவதும் அதிகம் தவறாக எழுதப்படுவதும் இந்தக் கூட்டம்தான். வயிற்றின் முதுகை நேர் மேலிருந்து பாருங்கள். ஒன்றையொன்று ஒட்டி இரண்டு வெள்ளிக் கோடுகள் ஓடினால் தெரெட்ரா ஓல்டன்லாண்டியே. ஒரே கோடு என்றால் தெரெட்ரா சில்ஹெட்டென்சிஸ் ஆக இருக்கலாம், ஹிப்போஷன் செலேரியோவாகவும் இருக்கலாம். அங்கே பின்னிறகு தீர்ப்புச் சொல்லும். பின்னிறகில் இளஞ்சிவப்பு, அதைக் கறுப்பு நரம்புகள் வெட்டிச் சென்றால் செலேரியோ. செலேரியோவின் வயிற்றுப் பக்கங்களில் சிறு வெள்ளிக் கீற்றுகளும், முன்னிறகில் நுனியிலிருந்து உள்விளிம்புக்கு ஓடும் வெள்ளிப் பட்டையும் உண்டு. மங்கலான படத்தில் இரண்டு கோடு ஒன்றாகக் கலந்து தெரிவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான பிழை. ஃபிளாஷைக் குறைத்து, சாய்கோணத்தில் டார்ச் அடித்து இன்னொரு படம் எடுங்கள்.

பெரிய தெரெட்ராக்களில் பின்னிறகு குங்குமச் சிவப்பு என்றால் அலெக்டோ. பின்னிறகு கறுப்பு என்றால் குளோத்தோவைச் சந்தேகிக்கலாம். உடலின் இரு பக்கமும் பொன்னிறப் பட்டை ஓடினால் நெஸ்ஸஸ்.

ஹிப்போஷன் ரொசெட்டா, ஹிப்போஷன் போயர்ஹாவியே ஆகிய இரண்டையும் படத்தில் பிரிக்க முயல வேண்டாம். இரண்டாவதன் பெயர் மூக்கிரட்டையின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. அதற்காக மூக்கிரட்டையில் கிடைத்ததெல்லாம் அதுவாகிவிடாது. மேக்ரோகிளாசமும் அப்படியே: பின்னிறகில் கறுப்புக்கு நடுவே மஞ்சள் பட்டை என்பதுவரை எழுதலாம். இணையத்தில் ‘தேன்சிட்டு விட்டில்’ என்று சுற்றும் ஐரோப்பியப் படங்கள் பெரும்பாலும் ஸ்டெல்லாடாரம் இனம். அதன் பின்னிறகு ஏறக்குறைய முழுதும் ஆரஞ்சு.

சந்தேகம் தீர வளர்த்துப் பார்த்தல்

புழு, கூடு, பூச்சி மூன்றும் கையில் இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. ஒரு புழுவுக்கு ஒரு 2 லிட்டர் டப்பா போதும். மூடிக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். கொத்தைச் சிறு பாட்டில் தண்ணீரில் நிறுத்தி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கி மூழ்கிச் சாகும். எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள், தேங்கினால் பூஞ்சை பிடித்துப் புழு கறுத்துத் தொங்கும். ஈர இலை கொடுக்காதீர்கள். நர்சரியில் புதிதாக வாங்கிய செடியின் இலை வேண்டவே வேண்டாம், அதில் அடித்த மருந்து ஒரே நாளில் கொன்றுவிடும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடிதான் உணவு, பாதியில் மாற்றினால் பட்டினி கிடக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பின் தின்னும் அளவு பல மடங்காகும், செடி கைவசம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புக்கு, டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள்.

புழு நிறம் மாறிச் சுற்றத் தொடங்கியதும் இலையை எடுத்துவிடுங்கள். அக்கிரோன்சியா, அக்ரியஸ் ஆகியவற்றுக்கு 10 முதல் 15 செ.மீ. ஆழம் மண் வேண்டும். பிடித்தால் உருண்டையாக வேண்டும், நீர் சொட்டக் கூடாது. டாப்னிஸ், தெரெட்ரா, ஹிப்போஷனுக்குக் காய்ந்த சருகு இரண்டங்குலம் போதும், சருகுக்குள்ளேயே கூடாகும். ஒரு வாரம் தோண்டிப் பார்க்காதீர்கள். தோல் இறுகாத கூட்டைத் தொட்டால் நசுங்கும்.

புழுவின் மேல் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் முளைத்தால் அது முட்டை இல்லை, ஒட்டுண்ணிக் குளவி. கூட்டிலிருந்து விட்டிலுக்குப் பதில் தடித்த ஈ வந்தால் அது ஒட்டுண்ணி ஈ. இரண்டும் வயலிலிருந்தே ஒட்டி வந்தவை, உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. அதையும் தேதியோடு குறித்து வையுங்கள், எந்தச் செடிப் புழுவில் வந்தது என்பது பயனுள்ள பதிவு.

நம் வெப்பத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வரும். டப்பாவின் சுவர் வழுக்கினால் ஏற முடியாமல் இறகு சுருங்கியே காய்ந்துவிடும், பிறகு அது பறக்காது. ஓரடி உயரத்துக்குச் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். இறகு விரிந்து இறுகச் சில மணி நேரமாகும். அதுவரை படம் எடுக்கக்கூட அசைக்காதீர்கள். இருட்டியதும் வலையை அவிழ்த்து, புழுவை எடுத்த அதே செடியின் பக்கத்தில் வையுங்கள்.